மும்பையில் கப்பலிறங்கி ரயிலேறுதல்

கோவா, லட்சத்தீவுப் பக்கம் உல்லாசக் கப்பலில் போய்வருகிற தமிழ்க் குடும்பங்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. கப்பல் மும்பையில் புறப்பட்டு மும்பையிலேயே வந்து சேரும். அங்கிருந்து விமானம் ஏறினால் இரண்டு மணிநேரத்தில் சென்னை. ஆனாலும் பெட்டி அதிகம், ஆள் அதிகம், விமானக் கட்டணம் அதைவிட அதிகம் என்று ரயிலைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

முதல் தடவை நான் ரயிலைத் தவறவிட்டேன். கப்பல் தாமதமாக வரவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. அட்டவணையில் இருந்த 'கரைசேரும் நேரம்' என்பதை 'நான் தெருவில் நிற்கும் நேரம்' என்று படித்தது என் தவறு. நிலையம் இரண்டு கிலோமீட்டருக்குள்தானே என்ற தைரியத்தில் மதிய வண்டிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். பெட்டியும் குடும்பமுமாக நடைமேடைக்குள் நுழைந்தபோது கடைசிப் பெட்டியின் முதுகு தெரிந்தது.

ஒரு காலத்தில் இந்தப் பாடு இல்லை. தனுஷ்கோடியில் 'போட் மெயில்' துறைக்கே போய் நிற்கும். ரயிலிலிருந்து இறங்குபவர் தலைமன்னார் கப்பலில் ஏறுவார், எதிர்த்திசையில் வருபவர் கப்பலிலிருந்து ரயிலுக்கு மாறுவார். 1914-ல் தொடங்கிய ஏற்பாடு அது; 1964 டிசம்பர்ப் புயல் அதைக் கொண்டுபோனது. மும்பை பல்லார்ட் பியரிலும் தண்டவாளம் துறைவரைக்கும் இருந்தது. 1928-ல் ஓடத் தொடங்கிய ஃபிரான்டியர் மெயில், இங்கிலாந்துக் கப்பலில் வந்திறங்கியவர்களை அங்கேயே ஏற்றிக்கொண்டு பெஷாவர் போனது. இன்று அதே பல்லார்ட் பியரில் கப்பல் முனையம் இருக்கிறது, ரயில் இல்லை. கப்பல்காரருக்கும் ரயில்காரருக்கும் பேச்சுவார்த்தையும் இல்லை. இடையிலுள்ள பாலத்தை நீங்கள்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு

கப்பல் துறைமுக வாயிலுக்கு வந்ததும் அதை உள்ளே வழிநடத்தும் பைலட் ஏறுவார். இழுவைப் படகுகள் தள்ளிக்கொண்டு வந்து சுவரோடு அணைக்கும். கயிறு கட்ட வேண்டும், இறங்குபாலம் போட வேண்டும், அதிகாரிகள் அனுமதி தர வேண்டும். அதற்குப் பிறகுதான் பயணிகள். அவர்களையும் ஒரே நேரத்தில் விடமாட்டார்கள். டெக் வாரியாக, குழு வாரியாக அழைப்பார்கள். கடைசிக் குழுவில் மாட்டினால் இரண்டு மூன்று மணிநேரம் உட்கார வேண்டியிருக்கும். அதன்பின் பெட்டியைத் தேடுவது, வரிசையில் நிற்பது, வண்டி பிடிப்பது என்று இருக்கிறது.

நான் கடைப்பிடிக்கும் விதி இது:

1. அட்டவணையிலுள்ள கரைசேரும் நேரத்தோடு 6 மணிநேரம் கூட்டுங்கள். அதற்கு முன் புறப்படும் எந்த வண்டியும் வேண்டாம்.
2. ரயில் குர்லாவிலிருந்தோ தாதரிலிருந்தோ புறப்பட்டால் இன்னும் ஒரு மணிநேரம் சேருங்கள்.
3. சக்கர நாற்காலி வேண்டியவர், கைக்குழந்தை, எட்டுப் பெட்டி, இவற்றில் எது இருந்தாலும் மேலும் ஒரு மணி.

காலை 9 மணிக் கப்பல் என்றால் மாலை 3-க்கு முன் ரயில் இல்லை என்று ஆகிறது. "அவ்வளவு நேரம் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். அதற்கு மும்பையிலேயே வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் போகும் நல்ல வண்டிகளில் பெரும்பாலானவை மாலையிலும் இரவிலும்தான் புறப்படுகின்றன என்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஆசை காட்டுவது அந்த மதியச் சென்னை வண்டி ஒன்றுதான். கப்பல் விடியற்காலையிலேயே கரைசேர்ந்தால் ஒழிய அதை மறந்துவிடுங்கள்.

எந்த நிலையம் என்று டிக்கெட்டைப் படியுங்கள்

கப்பல் கோளாறைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது நிலையக் குழப்பம். மும்பைக்கு நம்மூர் போல ஒரு 'சென்ட்ரல்' இல்லை. பேரில் சென்ட்ரல் உள்ள 'மும்பை சென்ட்ரல்' மேற்கு ரயில்வேயுடையது. குஜராத், டெல்லி வண்டிகளுக்கானது. சென்னைக்காரர் பழக்கதோஷத்தில் "சென்ட்ரல் போப்பா" என்று டாக்சியில் ஏறி அங்கே போய் இறங்கிய கதைகள் நிறைய.

நமக்கு வேண்டியவை மூன்று:

சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். டிக்கெட்டில் சிஎஸ்எம்டி. 1996 வரை விக்டோரியா டெர்மினஸ். டாக்சிக்காரர்களுக்கு இன்றும் 'வீடி'தான். கப்பல் முனையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். சென்னை மெயில், மதியச் சென்னை எக்ஸ்பிரஸ், மதுரை வழியாக நாகர்கோவில் போகும் எக்ஸ்பிரஸ் ஆகியவை இங்கிருந்து.

லோக்மான்ய திலக் டெர்மினஸ். டிக்கெட்டில் எல்டிடி. இதைத்தான் நம்மவர்கள் 'குர்லா' என்கிறார்கள். கோவை வண்டிக்கே 'குர்லா எக்ஸ்பிரஸ்' என்று பேர். மாலையில் சென்னை சென்ட்ரலுக்குப் புறப்படும் எக்ஸ்பிரஸும் இங்கிருந்துதான். கவனம்: குர்லா என்ற புறநகர் நிலையம் வேறு, இந்த டெர்மினஸ் வேறு. குர்லா நிலையத்தில் இறங்கிப் பெட்டியோடு நடந்தால் மூச்சு முட்டும். புறநகர் ரயிலில் போவதென்றால் ஹார்பர் பாதையில் 'திலக் நகர்' நிலையம்தான் பக்கம். துறைமுகத்திலிருந்து டாக்சியில் வருபவர்கள் ஈஸ்டர்ன் ஃப்ரீவே ஏறச் சொல்லுங்கள். பி. டி'மெல்லோ சாலையில் ஏறினால் செம்பூர்வரை சிக்னலே இல்லாத மேம்பாலம். அங்கிருந்து டெர்மினஸ் கிட்டத்தில்தான்.

தாதர். திருநெல்வேலிக்கும் புதுச்சேரிக்கும் போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ்கள் இங்கிருந்து. தினசரி வண்டிகள் அல்ல. எந்தெந்தக் கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாதரில் மத்திய ரயில்வே, மேற்கு ரயில்வே இரண்டுக்கும் நடைமேடைகள் உண்டு. முன்பு இரண்டு பக்கமும் 1-லிருந்து எண் போட்டிருந்ததால் தப்பு மேடையில் நின்று ஏமாந்தவர்கள் ஏராளம். 2023 டிசம்பரில் 1 முதல் 14 வரை தொடர் எண்ணாக மாற்றிவிட்டார்கள். பழைய எண்ணைச் சொல்லி வழிகாட்டும் உறவினரை நம்ப வேண்டாம்.

இந்த வண்டிகளின் நேரங்களை நான் நிமிடக் கணக்கில் இங்கே தரவில்லை. ரயில்வே மாற்றிக்கொண்டே இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதும், பயணத்துக்கு முந்தைய வாரமும் ரயில்வே உதவி எண் 139-ல் சரிபாருங்கள்.

கடலுக்குப் போகுமுன் முடிக்க வேண்டியவை

நடுக்கடலில் செல்பேசி சிக்னல் கிடையாது. கப்பலில் வைஃபை விற்பார்கள். அதை வாங்கினாலும் வங்கி அனுப்பும் ஓடிபி குறுஞ்செய்தி வந்து சேராது. கப்பல் தரும் செல்பேசி இணைப்பைத் தெரியாமல் தொட்டால் சர்வதேச ரோமிங் கட்டணம் தீட்டிவிடும். ஏறியதுமே ஃபிளைட் மோடில் போடுங்கள். ஆக, ரயில் சம்பந்தமான எதையும் "கப்பலில் போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

1. முன்பதிவு. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 60 நாள். கப்பல் டிக்கெட்டை நீங்கள் ஆறு மாதம் முன்பே எடுத்திருப்பீர்கள். ரயிலுக்கு அப்போது கதவு திறந்திருக்காது. நாள்காட்டியில் குறித்துவைத்து, திறக்கும் நாளன்று காலை 8 மணிக்கு உட்காருங்கள்.

2. காத்திருப்புப் பட்டியல் டிக்கெட் வேண்டவே வேண்டாம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் தயாரான பிறகும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். 2025-லிருந்து சார்ட் முன்னைப்போல நான்கு மணிநேரத்துக்கு முன் அல்ல, அதற்கும் பல மணிநேரம் முன்பே தயாராகிறது. மதிய வண்டி என்றால் முதல்நாள் இரவே. அப்போது நீங்கள் கப்பலின் மேல்டெக்கில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். டிக்கெட் செத்த செய்தி கரைக்கு வந்தபின்தான் தெரியும்.

3. தத்காலை நம்பாதீர்கள். பயணத்துக்கு முதல்நாள் ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தத்காலுக்கு ஆதார் ஓடிபியும் வேண்டும். முதல்நாள் 10 மணிக்கு நீங்கள் இருப்பது கடலில். வேறு வழியே இல்லையென்றால் ஊரிலுள்ள பிள்ளையோ தம்பியோ தன் கணக்கில் எடுக்கட்டும். உங்கள் எல்லோருடைய பெயர், வயது விவரங்களை அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

4. கீழ்ப் பெர்த். ஆண்களில் 60, பெண்களில் 45 வயதானவர்களுக்கு முதியோர் கீழ்ப் பெர்த் ஒதுக்கீடு உண்டு. கப்பலிறங்கி வரும் பெரியவர்களுக்கு இது சலுகை இல்லை, அவசியம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

5. தேதி. நள்ளிரவு 12 தாண்டினால் ரயில்வேக்கு மறுநாள். வெள்ளி இரவு 12:20 வண்டி என்று நீங்கள் நினைப்பது டிக்கெட்டில் சனிக்கிழமை. மெத்தப் படித்தவர்களும் விழும் குழி இது.

6. காகிதம். டிக்கெட்டை அச்செடுங்கள். ஆளுக்கொரு அசல் அடையாள அட்டை. செல்பேசி மூன்று நாள் உப்புக்காற்றில் கிடந்து கடைசி நாளில் உயிரை விட்டால் காகிதம்தான் துணை.

ஒரு யோசனை அடிக்கடி காதில் விழும்: பாதுகாப்புக்காக இரண்டு வண்டியில் டிக்கெட் எடுத்து ஒன்றை ரத்து செய்துவிடலாம் என்று. எனக்கு உடன்பாடில்லை. புறப்படும் நேரம் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும். சார்ட் ஆனபின் சாதாரணமாக ஒன்றும் திரும்பாது. தவிர, நாலு பெர்த்தைச் சும்மா பிடித்துவைத்தால் வேறொரு குடும்பம் காத்திருப்பில் தவிக்கும். அந்தக் காசுக்கு ஒரே இரவு வண்டியில் ஒரு வகுப்பு உயர்த்திக்கொள்ளலாம்.

கப்பலில் கடைசி இரவு

பெரிய பெட்டிகளுக்கு நிற அட்டை கொடுப்பார்கள். அதை மாட்டி, இரவு அவர்கள் சொல்லும் நேரத்துக்குள் கேபின் வாசலில் வைத்துவிட்டால் ஊழியர்கள் எடுத்துப்போவார்கள். மறுநாள் முனையத்தில் அதே நிறத்தின் கீழ் வரிசையாக நிற்கும். எதையும் தூக்காமல் இறங்கலாம். ஆனால் பெட்டி உங்களைவிடப் பிந்தி வரக்கூடும். உங்களால் தூக்க முடியும் என்றால் பெட்டியை நீங்களே கொண்டு இறங்குவதாகச் சொல்லிவிடுங்கள். பல கப்பல்களில் அப்படிச் சொல்பவர்களை முதலில் இறங்க விடுகிறார்கள். ரயில் பிடிப்பவருக்கு இதுதான் நல்லது.

பெட்டியை வாசலில் வைப்பதானால், அதற்குள் போகக் கூடாதவை:

- அடையாள அட்டை, ரயில் டிக்கெட், பணம்
- மறுநாள் இரவுவரைக்குமான மருந்து
- சார்ஜர், பவர் பேங்க்
- மறுநாள் போடும் உடுப்பும் செருப்பும்

கடைசியைச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகாதீர்கள். எங்கள் டெக்கில் ஒரு பெரியவர், திருச்சிக்காரர், எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டி வாசலில் வைத்துவிட்டு லுங்கியோடு படுத்தார். காலையில் பார்த்தால் வேட்டி, சட்டை, பேன்ட் எல்லாம் பெட்டியோடு போயாயிற்று. மருமகனின் அரைக்கால் சட்டையில் மும்பை மண்ணை மிதித்தார்.

கணக்கையும் அன்றிரவே தீர்த்துவிடுங்கள். கேபின் கார்டைத் தேய்த்து வாங்கியதெல்லாம் ஒரு பட்டியலாக வரும்: குளிர்பானம், புகைப்படம், வைஃபை. தப்பு இருந்தால் இரவிலேயே கவுன்ட்டரில் சொல்ல வேண்டும். காலையில் அந்தக் கவுன்ட்டர் வரிசை ரேஷன் கடையைத் தோற்கடிக்கும். பாக்கி இருந்தால் இறங்கும் வாயிலில் கார்டு சிவப்பு காட்டும். திரும்பப் போய் அதே வரிசையில் நிற்க வேண்டும்.

மிஞ்சிய மதுப் புட்டியை ரயிலுக்கென்று எடுத்துவைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயிலில் குடித்துவிட்டுத் தகராறு செய்தால் ரயில்வே சட்டம் 1989, பிரிவு 145-ன்படி இறக்கிவிடலாம், தண்டிக்கலாம். வழியில் மூன்று நான்கு மாநிலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதுச் சட்டம். கப்பலின் சுதந்திரம் கப்பலோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் காலை

1. அலாரம் வைத்து முதல் பந்தியில் காலையுணவை முடியுங்கள். கடைசி நாள் என்று எல்லோரும் இரண்டு தட்டு சாப்பிடுவார்கள், இடம் கிடைக்காது.
2. கரை தெரிந்ததும் செல்பேசிக்கு உயிர் கொடுங்கள். இந்திய நிறுவனத்தின் பேர் திரையில் தெரிந்தபிறகே டேட்டாவைப் போடுங்கள்.
3. வண்டி நேரத்துக்கு ஓடுகிறதா, ரத்தா என்று பாருங்கள்.
4. கேபின் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். கட்டிலடி, குளியலறைக் கதவின் பின்புறம், சார்ஜர் செருகிய இடம். திரும்பிப்போய் எடுக்கும் வாய்ப்பு கிடையாது.
5. உங்கள் குழுவை அழைக்கும்வரை படிக்கட்டில் முண்டாதீர்கள். லிப்ட் நிரம்பி வழியும்.
6. இறங்குபாலம் அலைக்கேற்பச் சற்று ஆடும், ஈரமாக இருக்கும். பெரியவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். அவர்கள் கையில் பை வேண்டாம். செல்பி எடுக்கும் இடம் அது இல்லை.
7. முனையத்தில் பெட்டியை எடுத்ததும் அட்டையிலுள்ள பேரைப் படியுங்கள். கறுப்பு டிராலி எல்லாம் ஒரே சாடை. மாற்றி எடுத்துப்போனவர் வேறு ரயிலில் இருப்பார்.
8. நீங்கள் போய்வந்தது வெளிநாட்டுத் துறைமுகம் என்றால் குடிவரவு, சுங்கம் இரண்டும் உண்டு. அப்போது நான் சொன்ன 6 மணிநேரத்தை 8 ஆக்குங்கள்.

டாக்சி: ஆட்டோவைத் தேடாதீர்கள்

வெளியே வந்ததும் ஆட்டோ எங்கே என்று கண் அலையும். தென்மும்பையில் ஆட்டோ ஓட அனுமதியே இல்லை. மேற்கே பாந்த்ரா, இந்தப் பக்கம் சயான் தாண்டினால்தான் ஆட்டோ. இங்கே கறுப்பு மஞ்சள் டாக்சி அல்லது செயலி வண்டி.

கறுப்பு மஞ்சள் டாக்சியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பின்பெட்டியில் எரிவாயு சிலிண்டர் படுத்திருக்கும்; பெரிய சூட்கேஸ் ஒன்று நுழைந்தால் பெரிய விஷயம். மிச்சம் கூரைமேல் போகும். கயிறு போட்டுக் கட்டுகிறாரா என்று நீங்களே பார்த்துவிட்டு ஏறுங்கள். நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் இரண்டு டாக்சி பிடிப்பதோ செயலியில் ஏழு இருக்கை வண்டி கேட்பதோ உத்தமம். குறைந்தபட்சக் கட்டணம் 2025 பிப்ரவரி முதல் 31 ரூபாய். சிஎஸ்எம்டிக்கு மீட்டர் போட்டால் சொற்பம்தான் ஆகும். அதனாலேயே துறைமுக வாசலில் "மொத்தமாக இவ்வளவு" என்று ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். "மீட்டர் சே" என்ற இரண்டு சொல் போதும். மசியவில்லை என்றால் பல்லார்ட் எஸ்டேட் தெருவரைக்கும் கொஞ்சம் நடந்துபோய் ஓடும் டாக்சியை நிறுத்துங்கள்.

சிஎஸ்எம்டிக்குப் போகிறவர்கள் "பி. டி'மெல்லோ ரோடு, 18-ஆம் நம்பர் பிளாட்பாரம் பக்கம்" என்று சொல்லுங்கள். அந்த நிலையத்துக்கு 18 நடைமேடைகள். 1 முதல் 7 வரை உள்ளூர் ரயில்கள், 8 முதல் 18 வரை வெளியூர் வண்டிகள். படத்தில் பார்க்கும் கோபுர முகப்பில் இறங்கினால் உள்ளூர் ரயில் கூட்டத்தை நீந்திக் கடக்க வேண்டும். கிழக்குப் பக்கத்து வாசல் துறைமுகத்துக்கும் பக்கம், வெளியூர் மேடைகளுக்கும் பக்கம். முகப்பை அப்புறம் நிதானமாகப் பாருங்கள். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கட்டடம், ஓடிப்போகாது.

புறநகர் ரயிலில் தாதருக்கோ திலக் நகருக்கோ போகலாமா? கைப்பை மட்டும் என்றால், பகல் 11 மணிக்குமேல், 4 மணிக்குள் போகலாம். பெரிய பெட்டியோடு காலையிலும் மாலையிலும் கூடாது. மும்பைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் 'மெகா பிளாக்' என்று பராமரிப்புக்காகப் பகலில் சில பாதைகளை அடைத்துவிடுவார்கள், அன்று டாக்சிதான்.

நடுவில் இருக்கும் பகல்

பெட்டியை முதலில் நிலையப் பொருள் காப்பகத்தில் தள்ளுங்கள். பூட்டில்லாத பெட்டியை வாங்க மாட்டார்கள். ஒரு சின்னப் பூட்டு கையோடு இருக்கட்டும். டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள். குளிக்க, கால் நீட்ட வேண்டுமென்றால் சிஎஸ்எம்டியில் கட்டண ஓய்வறை உண்டு.

சாப்பாட்டுக்கு, துறைமுகத்தை ஒட்டிய பல்லார்ட் எஸ்டேட்டில் 1923-லிருந்து இருக்கும் பிரிட்டானியா என்ற ஈரானி உணவகத்தின் பெர்ரி புலாவ் பிரசித்தம், மதியம் மட்டும். தாதரில் ரயில் ஏறுபவர்கள் பக்கத்து மாட்டுங்காவுக்குப் போங்கள். மூன்று தலைமுறையாகத் தமிழர் வாழும் பேட்டை. கப்பலின் பல தேச விருந்துக்குப் பிறகு ராமா நாயக் உணவகத்தில் வாழையிலைச் சோறும் ரசமும் இறங்கும்போது ஊர் பாதி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

எங்கே சுற்றினாலும், ரயில் புறப்படுவதற்கு ஒன்றரை மணிநேரம் முன்பு நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். மாலை ஐந்துக்குமேல் தென்மும்பைச் சாலைகளைக் கணிக்க யாராலும் முடியாது.

நிலையத்தில்

காப்பகத்திலிருந்து பெட்டியை மீட்டதும் எடையை நினைவில் கொள்ளுங்கள். ஆளுக்கு இலவச அளவு: முதல் வகுப்பு ஏசி 70 கிலோ, இரண்டடுக்கு ஏசி 50, மூன்றடுக்கு ஏசிக்கும் ஸ்லீப்பருக்கும் 40. குடும்பமாகப் போனால் தாண்டுவது கடினம்தான். பெர்த்துக்கு அடியில் நுழையாத அளவுக்குப் பெரிய பெட்டிதான் நிஜமான தொல்லை.

போர்ட்டர் வேண்டுமென்றால் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையும் உள்ளவரை மட்டும் கூப்பிடுங்கள். வில்லை எண்ணைப் பார்த்துவைத்துக்கொண்டு, கூலியைப் பேசி முடித்தபின் பெட்டியைத் தலையில் ஏற்றுங்கள். அவருக்கு முன்னால் ஓடவும் வேண்டாம், பின்தங்கவும் வேண்டாம்.

ஏறியதும் கீழ்ப் பெர்த்தின் அடியில் இருக்கும் இரும்பு வளையத்தில் சங்கிலி போட்டுப் பெட்டிகளைப் பூட்டுங்கள். கப்பலில் நான்கு நாள் கேபினைத் திறந்துபோட்டுப் பழகியவர்களுக்கு இது மறந்துபோகும். கப்பலில் வாந்திக்குப் போட்ட மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். அதைச் சாப்பிட்டவரைப் பெட்டிக்குக் காவல் வைக்காதீர்கள். திருட்டு, உடல்நலக் கோளாறு எதுவானாலும் 139.

கப்பல் பிந்திவிட்டால்

இரவு வண்டி எடுத்திருந்தால் நான்கு மணிநேரத் தாமதத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதற்கும் மேலே போனால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில், கப்பல் வரவேற்பு மேசையில் ரயில் டிக்கெட்டைக் காட்டி முதல் குழுவில் இறக்கக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். டிக்கெட் காகிதம் கையில் இருந்தால் பேச்சு எளிது.

ஏறும் நிலையத்தைக் கல்யாணுக்கோ புனேவுக்கோ மாற்றும் வசதி ரயில்வேயில் உண்டு. அதை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது. துறைமுகத்தில் நின்றுகொண்டு செய்யும் வேலை இல்லை. மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏறும் உரிமையும் போய்விடும். ஆகவே இதைத் தற்காப்பு ஆயுதம் என்று நினைக்காதீர்கள். கல்யாணில் உறவினர் வீட்டில் தங்கி ஏறுபவர்களுக்கு மட்டும் பயன்படும்.

ரயில் போயே போய்விட்டதா? துரத்தாதீர்கள். "புனேவில் பிடித்துவிடலாம், ஏறுங்க சார்" என்று ஒரு டாக்சிக்காரர் நிச்சயம் கூப்பிடுவார். புனே 192 கிலோமீட்டர் ரயில் தூரம், நடுவே மலைப்பாதை, முன்னால் மும்பை நெரிசல். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விரட்டும் ஓட்டுநரிடம் குடும்பத்தை ஒப்படைக்க வேண்டாம். அதற்குள் டிக்கெட் பரிசோதகர் தன் கருவியில் நீங்கள் வரவில்லை என்று பதிந்து பெர்த்தை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்.

தவறவிட்ட வண்டியின் டிக்கெட்டோடு அடுத்த வண்டியில் ஏறுவதும் தப்பு. அது டிக்கெட் இல்லாப் பயணம், அபராதம் உண்டு. புதிதாகத்தான் எடுக்க வேண்டும். அன்றிரவு வேறு நிலையத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் சார்ட் ஆனபின் மிஞ்சும் இடங்கள் ஆன்லைனிலும் கவுன்ட்டரிலும் கிடைக்கும். சிஎஸ்எம்டியில் தவறவிட்டவர் எல்டிடி, தாதர் வண்டிகளையும் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் ஓர் இரவு தங்கி, மறுநாள் தத்கால். டிக்கெட்டோடு 45 காசுக்கு எடுத்த காப்பீடு விபத்துக்கு மட்டும். தவறவிட்ட ரயிலுக்கு அது ஒரு பைசா தராது.

ஏறிய பிறகு

சில நாள் கடலில் இருந்த உடம்புக்குத் தரை ஆடுவது போலத் தோன்றும். ரயிலும் ஆடுவதால் எது நிஜம் என்று மூளை குழம்பும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் நள்ளிரவில் கழிவறைக்கு எழும் பெரியவர்கள் மேல் பெர்த்திலிருந்து இறங்கும்போது தலைசுற்றினால் விபத்து. கீழ்ப் பெர்த் அவசியம் என்று முன்பு சொன்னது இதற்குத்தான். எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் தாண்டியும் ஆட்டம் நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வண்டி கல்யாணைத் தாண்டியதும் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். எந்த நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்று டிக்கெட்டின் கடைசி வரியைப் பார்த்துச் சொல்லுங்கள். மதிய வண்டியும் எல்டிடியிலிருந்து மாலையில் புறப்படும் சென்னை எக்ஸ்பிரஸும் சென்னை சென்ட்ரலுக்குப் போகின்றன; மெயில் வழக்கமாக எழும்பூருக்கு. கூப்பிட வருபவர் காரோடு தப்பு நிலையத்தில் நிற்க வேண்டாம்.